யாழ்ப்பாணத்துக் கடலுணவுச் சமையலின் சரக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து மீன்கறி, நண்டுக்கறி, கூழ் பற்றித் தமிழ்நாட்டில் இருப்பவர்களும், வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என்ன தூள், என்ன புளி, அது கிடைக்காவிட்டால் வேறென்ன செய்வது என்பவைதான் அவை. இங்கே தரும் அளவுகள் எங்கள் வீட்டு அளவுகள். பக்கத்து வீட்டில் கேட்டால் கொஞ்சம் மாறும், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

சமையற் குறிப்புகளில் "மிளகாய்த்தூள்" என்று வருகிறதே, கடையில் விற்கும் சிவப்பு மிளகாய்ப் பொடிதானா?

இல்லை. பலருக்கு முதல் கறியே இந்த இடத்தில்தான் பிழையாகிப் போகிறது. யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள், அல்லது வெறுமனே தூள், என்றால் செத்தல் மிளகாயோடு மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்த கறித்தூள். மிளகாயை மட்டும் அரைத்ததைத் "தனி மிளகாய்த்தூள்" என்று கேட்டு வாங்குவோம். இரண்டு மேசைக்கரண்டி தூள் என்று எழுதியிருக்கும் இடத்தில் தனி மிளகாய்த்தூளைக் கொட்டினால் யாராலும் சாப்பிட முடியாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னும் சில: செத்தல் உங்கள் வற்றல் மிளகாய், பெருஞ்சீரகம் சோம்பு, உள்ளி பூண்டு, தேசிக்காய் எலுமிச்சை, தாச்சி வாணலி, கறுவா பட்டை, தேங்காய்ப்பூ துருவிய தேங்காய், உறைப்பு காரம்.

அந்தத் தூளை வீட்டில் செய்வது எப்படி?

செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100 கிராம், மிளகு 50 கிராம், சின்னச்சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் துண்டு 25 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. மீன், நண்டு, இறைச்சி அடிக்கடி சமைக்கிற வீடு என்றால் பெருஞ்சீரகத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

செத்தலின் காம்பைக் கிள்ளி ஒரு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கையால் ஒடித்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒடித்த மிளகாயின் உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம் தெரிந்தால் அதை எறிந்துவிடுங்கள். நல்லது நாலு தேறும் என்று அதையும் சேர்த்து வறுக்க வேண்டாம், பூஞ்சணத்தின் நஞ்சு வறுப்பதால் போய்விடாது. மல்லியைச் சுளகில் புடைத்துக் கல்லும் குச்சியும் போக்குங்கள்.

வறுப்பதில்தான் தூளின் சுவை தீர்மானமாகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். மல்லிக்கு நேரம் எடுக்கும், வெந்தயத்துக்குச் சில நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மல்லி பதமாகும்போது வெந்தயம் கருகிக் கசந்துவிடும். முதலில் மல்லி, அது பொன்னிறம் தாண்டி மண்ணிறத்தைத் தொடும்போது இறக்குங்கள். பிறகு மிளகு, சீரகங்கள், வெந்தயம், உடைத்த மஞ்சள். கறிவேப்பிலையைச் சருகாக நொறுங்கும்வரை வறுக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் தூள் பழுதாகும். செத்தலைக் கடைசியாக வறுங்கள், அதன் நெடி எழும்பினால் அடுப்படியில் நிற்க முடியாது. கடும் சிவப்பு வரலாம், கறுக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் உரலில் இடித்து அரிதட்டால் அரித்தார்கள். இப்போது எல்லாரும் மில்லில் கொடுத்துத் திரிக்கிறோம். மில்லில் இருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அதைப் போத்தலில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும். கடதாசியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அப்புறம் அடையுங்கள். என்னைக் கேட்டால் உரலில் இடித்த தூள்தான் திறம். கொஞ்சம் கொரகொரப்பாக இருப்பதால் கறி தடித்து வரும், வாசமும் அவ்வளவு சீக்கிரம் போகாது. கொஞ்சமாகச் செய்கிறவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

சாம்பார்ப் பொடியோ கரம் மசாலாவோ போட்டால் சமாளிக்கலாமா?

சாம்பார்ப் பொடி வேண்டாம். அதில் பெரும்பாலும் பருப்பும் பெருங்காயமும் இருக்கும், மீனோடு சேராது. கரம் மசாலா மீனின் சுவையை மூடிவிடும். தூள் கைவசம் இல்லாவிட்டால் தனி மிளகாய்த்தூள் ஒரு பங்கு, வறுத்துப் பொடித்த மல்லி ஒரு பங்கு, அதில் கால் பங்கு வறுத்த பெருஞ்சீரகப் பொடி, கொஞ்சம் மிளகும் மஞ்சளும் சேர்த்தால் அன்றைய கறி தப்பிவிடும்.

இந்தச் சரக்கெல்லாம் யாழ்ப்பாணத்திலேயே விளைகிறதா?

பாதிகூட இல்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும், மற்ற மாதங்களில் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தேங்கிய கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் தோட்டம். உரும்பிராய், கோப்பாய், இணுவில் பக்கத்துச் செம்மண்ணில் மிளகாயும் சின்ன வெங்காயமும் நன்றாக வரும். புளி, முருங்கை, தேசி, வேம்பு, எள்ளு, பனை எல்லாம் வரண்ட நிலத்தைத் தாங்கும். எங்கள் சமையலின் அடித்தளம் இவைதான்.

மிளகு, கறுவா, ஏலம், கராம்பு ஆகியவற்றுக்கு மழை வேண்டும், அவை இலங்கையின் தெற்கிலும் மலைநாட்டிலும் இருந்து வருகின்றன. மல்லியும் சீரகமும் பெருமளவு இந்தியாவில் இருந்து வருகின்றன, செத்தல் மிளகாயிலும் பெரும்பங்கு அப்படித்தான். மிளகாய்ச் செடியே அமெரிக்கக் கண்டத்துக்குரியது. போர்த்துக்கேயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில்தான், இந்தப் பக்கத்துக் கரைகளுக்கு வந்தது. அதற்கு முன் உறைப்புக்கு மிளகு.

இறக்குமதியை நம்பியிருப்பதன் வலி 2020இல் நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் விலை பல மடங்கு ஏறியது. கடல் வழியாக மஞ்சள் கடத்தி வந்து பிடிபட்ட செய்திகளை அந்த நாட்களில் அடிக்கடி வாசித்தோம். வீட்டு முற்றத்தில் நிழல் விழும் மூலையில் நாலு மஞ்சள் கிழங்கை நட்டு வைப்பதற்குப் பெரிய இடம் வேண்டாம். முடிந்தவர்கள் செய்யுங்கள்.

கறுவாவும் ஏலமும் இலங்கையின் பெருமை ஆயிற்றே, மீன்கறிக்கு ஏன் போடுவதில்லை?

அவை இறைச்சிக்கு. ஏலம், கராம்பு, கறுவா, பெருஞ்சீரகம் சேர்த்துப் பொடித்ததை இறைச்சிச் சரக்கு என்று தனியாக வைத்திருந்து, ஆட்டிறைச்சிக் கறி இறக்கும் நேரத்தில் தூவுவோம். மீனுக்கு வெந்தயம், கறிவேப்பிலை, உள்ளி போதும். சில வீடுகளில் வாசத்துக்கு ஒரு துண்டு ரம்பை இலை போடுவார்கள்.

எந்தப் புளி? இந்தியக் கடற்கரைகளில் பாவிக்கிற புளியும் இதுவும் ஒன்றா?

எங்களுக்குப் பழப்புளி, அதாவது புளியம்பழத்தின் புளி. தமிழ்நாட்டுக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் இதுவேதான். கேரளத்தில் மீன்கறிக்குக் குடம்புளி போடுகிறார்கள், கொங்கணக் கரையிலும் கோவாவிலும் கோகம், தென்னிலங்கையில் கொறுக்காய்ப்புளி. அந்த மூன்றும் ஒரே இனத்து மரங்கள், மழை நிறைந்த நிலத்தில் வளர்பவை. யாழ்ப்பாணத்து வெயிலில் நிற்பது புளியமரம். வங்காளத்தில் கடுகை அரைத்து மீனுக்குப் போடுகிறார்கள். கடுகின் காரம் எங்கள் மீன்கறியில் இல்லை, எங்களுக்குக் கடுகு தாளிதத்துக்கு மட்டும்.

மீனின் வெடுக்கை, அதாவது மீன் நாற்றத்தை, உண்டாக்குவது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்ட பொருட்கள். புளி அவற்றைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் மீனைக் கழுவும்போதே உப்பும் மஞ்சளும் கொஞ்சம் புளித்தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து அலசுகிறோம். புளிமாங்காய்க் காலத்தில் பழப்புளியைக் குறைத்து மாங்காய்த் துண்டு போட்டுப் பாருங்கள், சின்ன மீனுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

தேசிக்காய்ப்புளியைக் கொதிக்கும் கறியில் விடக் கூடாது, கசந்துவிடும். சொதியை, அதாவது தூள் போடாத தேங்காய்ப்பால் குழம்பை, இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது விடுங்கள்.

தேங்காய்ப்பால் ஏன் திரைந்துபோகிறது?

முதற்பாலை முதலில் விட்டுக் கொதிக்க வைப்பதால்தான். தேங்காய்ப்பூவை முதல் பிழியும்போது வருவது கட்டிப்பால், அதை எடுத்து வைத்துவிடுங்கள். தண்ணீர் விட்டு மறுபடி பிழியும் இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் மீனும் தூளும் வேகட்டும். எல்லாம் அவிந்த பின் நெருப்பைத் தணித்து முதற்பாலை விட்டு, ஒரு கொதி எழும்பும்போதே இறக்குங்கள். புளியை முன்னரே கரைத்துக் கொதிக்க விட்டிருக்க வேண்டும், முதற்பாலுக்குப் பிறகு விடக் கூடாது.

டின்னில் வரும் பால் இப்போது வெளிநாடுகளில் எல்லா வீடுகளிலும் இருக்கிறது, அது குற்றமில்லை. ஒரு பங்கு பாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து இரண்டாம் பாலாகப் பாவித்து, கடைசியில் கொஞ்சம் தண்ணீர் கலக்காமல் விடலாம்.

எல்லா மீனுக்கும் ஒரே கறிதானா?

இந்தக் கேள்வியை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். தூள் கையில் இருக்கிறது என்பதற்காக எந்த மீனையும் ஒரேமாதிரிச் சிவப்பாகச் சமைத்து வைப்பது பெரிய இழப்பு. குருநகர், பாசையூர் சந்தையில் மீன் வாங்குகிற பெண்கள் மீனைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு என்ன கறி என்று முடிவெடுப்பார்கள். அந்த அறிவு கைமாறி வர வேண்டும்.

விளைமீன் மென்மையானது. அதற்குச் சொதி, அல்லது தூளைக் குறைத்துப் பால் கூட்டிய கறி. பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, பால், கடைசியில் தேசிக்காய். சொதிக்கு இவ்வளவுதான் சரக்கு, தூளே கிடையாது. காலையில் இடியப்பத்தோடு விட்டுக் குழைத்துச் சாப்பிட்டவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

சூடை போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள சின்ன மீனுக்குப் புளி தூக்கலாக வேண்டும். பால் விடாமல், மண்சட்டியில் தூளும் பழப்புளியும் வெந்தயமும் போட்டு வற்றவைக்கும் தீயல் அதற்கு நன்றாக இருக்கும். அடுத்த நாள் பழஞ்சோற்றோடு இன்னும் திறம்.

பாரையும் அறக்குளாவும் சதைப்பிடிப்பான மீன்கள், தூள்கறிக்கு என்றே பிறந்தவை. பொரியலுக்கும் நல்லவை.

சுறாவுக்கு வறை. துண்டுகளை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். தாச்சியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்த சுறாவையும் தேங்காய்ப்பூவையும் போட்டுப் பூப்போல வரும்வரை கிளறுங்கள். மிளகுப் பொடி கொஞ்சம் தூவலாம். தூள் போட்டால் அது வறையாகாது.

திருக்கைக்கு நேர்மாறு: தூள், மிளகு, உள்ளி, புளி எல்லாம் தூக்கலாக வேண்டும், கறி பிரட்டலாக வற்ற வேண்டும். சுறாவின் சதையிலும் திருக்கையின் சதையிலும் யூரியா இருக்கிறது. மீன் பழசாகும்போது அது அமோனியாவாக மாறி மூக்கில் அடிக்கும். அதனால் இரண்டையும் அன்றன்றே வாங்கி அன்றன்றே சமைக்க வேண்டும். மணம் அடிக்கத் தொடங்கிய திருக்கையை எந்தச் சரக்காலும் மறைக்க முடியாது.

கணவாயை ஒன்றில் சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும், அல்லது அரை மணிக்கு மேல் மெல்ல அவியவிட வேண்டும். இரண்டுக்கும் இடையில் நிறுத்தினால் ரப்பராக இருக்கும். பெருஞ்சீரகம் அதற்கு நன்றாகச் சேரும்.

நண்டுக்கறிக்கு முருங்கையிலை ஏன்?

யாழ்ப்பாணக் கடலேரியின் நண்டு இனிப்பான சதை கொண்டது. அந்த இனிப்போடு தூளின் உறைப்பும் பாலின் கொழுப்பும் சேரும்போது நாக்குக்குக் கொஞ்சம் திகட்டும். முருங்கையிலையின் மெல்லிய கசப்பும் பச்சை வாசமும் அதைச் சரிப்படுத்துகின்றன. இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு ஒரு பிடி இலையைப் போட்டு, வறுத்த பெருஞ்சீரகத்தைப் பொடித்துத் தூவி மூடிவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது வரும் வாசம் தெருவுக்கே கேட்கும்.

நண்டின் கால்களை லேசாக உடைத்துப் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் சாறு உள்ளே இறங்காது. சிலர் நல்லெண்ணெயில் வதக்குகிறார்கள், செக்கு எண்ணெய் கிடைத்தால் நீங்களும் செய்யுங்கள்.

ஒடியல் மா என்பது என்ன? கூழுக்கு வேறு மா போடலாமா?

பனம்பழக் கொட்டைகளை மண்ணில் பாத்தி கட்டிப் புதைத்தால் முளை கீழே இறங்கிக் கிழங்காகும். ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையில் இருந்து மார்கழி, தை அளவில் கிழங்கு பிடுங்கலாம். பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அது அப்படியே கடித்துச் சாப்பிட. ஒடியலை இடித்து எடுக்கும் மாதான் கூழுக்குரியது.

இந்த மாவுக்கு ஒரு கசப்பு உண்டு. கூழ் காய்ச்சுவதற்கு முன் நிறையத் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யுங்கள், சோம்பல் கூடாது.

ஆறு பேருக்கு 150 கிராம் மா போதும். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு போட்டு அவியவிடுங்கள். பாதி வெந்ததும் மீன்தலை, நண்டு, இறால், கணவாய். கூழுக்குத் தூள் போடுவதில்லை. செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் உள்ளியையும் அம்மியில் அரைத்துப் பழப்புளியோடு கரைத்து ஊற்றுகிறோம். எல்லாம் வெந்த பிறகு ஒடியல் மாக் கரைசலை விட்டு, அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும். தடித்து வரும்போது முருங்கையிலை போட்டு, உப்புப் பார்த்து இறக்குங்கள்.

அரிசி மாவோ கோதுமை மாவோ போட்டால் தடிப்பு வரும், கூழ் வராது. பனையின் அந்த மண் வாசம்தான் கடலுணவையும் மரக்கறியையும் ஒன்றாக்குகிறது. மா தின்னவேலி, சுன்னாகம் சந்தைகளில் கிடைக்கும். வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளிலும் பொதியாக வருகிறது. பலா இலையைக் கோலி அதில் ஊற்றிக் குடித்தால் நல்லது, இல்லாவிட்டால் சிரட்டை. இரண்டும் கிடைக்காத ஊரில் கோப்பையில் குடியுங்கள், ஆனால் தனியாகக் குடிக்க வேண்டாம். கூழ் காய்ச்சினால் நாலு பேரைக் கூப்பிடுங்கள்.

மாசி எதற்கு?

சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்தது மாசி, மாலைதீவின் பண்டம். இடித்துச் சம்பலுக்குப் போடுவோம். கருவாடு வேறு: அதைக் கத்தரிக்காயோடு புளி விட்டுக் குழம்பு வைக்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கும் சரக்குக்கறியில் என்ன இருக்கிறது?

மல்லி, மிளகு, சின்னச்சீரகம், மஞ்சள், உள்ளி. இவற்றை அம்மியில் பட்டுப்போல அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, அதில் விளைமீன் அல்லது பால்சுறாவை அவிப்பார்கள். எங்கள் வீட்டில் செத்தல் சேர்ப்பதில்லை. எண்ணெயும் இல்லை. பத்தியக்கறி என்றும் சொல்வோம். பால்சுறா தாய்ப்பாலைக் கூட்டும் என்பது பரம்பரை நம்பிக்கை. வைத்தியர் எதையாவது தவிர்க்கச் சொல்லியிருந்தால் அதன்படி நடவுங்கள்.

நோய்க்காரருக்கும் பிள்ளைப்பெற்றவருக்கும் மட்டும் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். மிளகாய் வருவதற்கு முன் இந்தக் கரையில் மீன் எப்படிச் சுவைத்திருக்கும் என்று அறிய விரும்பினால் இதை ஒருநாள் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

உப்பிலும் வித்தியாசம் இருக்கிறதா?

மீன் ஊறவைக்கவும் கருவாடு போடவும் கல்லுப்புத்தான் நல்லது. ஆனையிறவு உப்பளம் போரினால் 1990இல் நின்றுபோய், பல வருடங்கள் வெளியூர் உப்பைத்தான் வாங்கினோம். இப்போது அங்கே மறுபடி உப்பு விளைகிறது. கிடைத்தால் அதை வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு உறைப்புத் தாங்காது. என்ன செய்யலாம்?

கறியில் தூளைக் குறைக்காதீர்கள், தூளிலேயே மிளகாயைக் குறையுங்கள். கறியில் தூள் குறைந்தால் மல்லியும் பெருஞ்சீரகமும் சேர்ந்து குறைந்து, கறி வெளிறிப்போகும். 500 கிராம் மல்லிக்கு 200 கிராம் செத்தல் போட்டு இன்னொரு போத்தல் தூள் செய்து வையுங்கள். விதைகளைத் தட்டிவிட்டு வறுத்தால் உறைப்பு இன்னும் கொஞ்சம் தணியும். சீனி போட்டு உறைப்பை அடக்கப் பார்க்க வேண்டாம், மீன்கறி கெட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை சைவம். அதே தூளைப் பாவிக்கலாமா?

தூளில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, எதுவும் இல்லை, தாராளமாகப் பாவிக்கலாம். மச்சச் சட்டியும் அகப்பையும் மட்டும் வேறாக இருக்கட்டும். மச்சம் சமைக்கும்போது ஈரக்கரண்டியைத் தூள் போத்தலுக்குள் விடுகிற பழக்கம் இருந்தால், சைவத்துக்கு என்று சின்னப் போத்தல் ஒன்றை ஒதுக்கி வைப்பது நல்லது.

தூள் எவ்வளவு காலம் இருக்கும்?

ஈரம் படாத, காற்றுப் புகாத போத்தலில், வெளிச்சம் இல்லாத இடத்தில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் பழுதாகாவிட்டாலும் வாசம் இறங்கும். ஊரில் இருந்து கிலோக் கணக்கில் வருகிற தூளைச் சின்னப் பொதிகளாகப் பிரித்து உறைகுளிரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்த பொதி வெளிச்சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படியும். கறிவேப்பிலையையும் கழுவித் துடைத்து அப்படியே உறைகுளிரில் வைக்கலாம். நிறம் கறுத்தாலும் எண்ணெயில் போடும்போது வாசம் வரும், காய்ந்த சருகில் அந்த வாசம் இருக்காது.